கரண்டியின் முதுகில் தெரிந்தது

நல்ல வீடியோவுக்கு ஒரே ஒரு அடையாளம்தான். பார்த்து முடித்ததும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்போம். காட்ட ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் நாமே புது ஆளாக மாறி, முதல் தடவை பார்க்கிறவன் போல மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

இதை அதிகாரி மேடத்திடம் சொன்னேன். அவர் மேசையில் இருந்த கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "உன் விரல்தான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குதே. நீயே அடி. எனக்குப் புரியற மாதிரி, முதல்லேருந்து அடி," என்றார். அதனால் அடிக்கிறேன். ஆனால் கடைசியில் வருவதை முதலில் சொல்ல மாட்டேன். அது படம் பார்க்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை என் சித்தப்பாவுடையது. படித்துப் பட்டம் வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பவர் அவர். எடுத்துக் கொடுப்பது, அடுக்குவது, வாராவாரம் வருகிறவர்களின் ஏழு அறைப் பெட்டியில் மாத்திரைகளைப் பிரித்துப் போடுவது எல்லாம் நான். ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன மூடி. மூடியைத் திறந்தால் அன்றைக்கு உள்ளது. வயதானவர்களுக்கும் மறதிக்காரர்களுக்கும் அது பெரிய உதவி. ஆறு வருடத்தில் ஒரு மாத்திரைகூட நான் தப்பாகப் போட்டதில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

மீதி நேரமெல்லாம் வீடியோதான். எல்லோரும் பார்க்கிற ஆட்டம் பாட்டம் இல்லை. யாரும் போகாத மூலையில் கிடக்கிற குறும்படங்கள், கிறுக்குத்தனமான சின்னச் சின்ன வேலைகள். ஒருவர் தன் வீட்டுக் கதவுகள் போடுகிற கிறீச் சத்தத்தை மட்டும் வைத்து முழுப் பாட்டு ஒன்று கட்டியிருந்தார். இன்னொருவர் பக்கத்துப் பக்கத்து லிஃப்ட் இரண்டும் ஒரே மாடியில் ஒரே நேரத்தில் வந்து நிற்பதற்காக ஒன்றையொன்று தேடுவதை நாலு நிமிடப் படமாக எடுத்திருந்தார். கடைசியில் அவை சந்திக்கும்போது ஒன்று பழுதாகி இருட்டாகிவிடும். நான் கவுண்டரிலேயே அழுதுவிட்டேன்.

"டேய், அந்தம்மா இருமல் மருந்து கேட்டு நிக்கறாங்க. நீ போனை வெக்கறதுக்குள்ள இருமி இருமியே குணமாயிடுவாங்க போல," என்றார் சித்தப்பா.

"ரெண்டே நிமிஷம் சித்தப்பா. இதை மட்டும் பாத்துடுங்களேன்."

"எனக்கு லிஃப்டுல போகவே பயம். அதோட காதல் கதை வேற பாக்கணுமா?"

அவர் நல்ல மனிதர். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் இரண்டாவது வாரம் ஒரு சேனல் கண்ணில் பட்டது. பெயர் 'ஒரு நிமிஷம் இருங்க'. சந்தாதாரர் முப்பத்தொரு பேர். வெள்ளிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு ஒரு படம். ஒவ்வொன்றும் சரியாக ஒரு நிமிடம். வீட்டுச் சாமான்களைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் பிடித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுகிற வகை. ஒரு நிமிடத்துக்கு எழுநூறு படத்துக்கு மேல் பிடிக்க வேண்டும். மனிதர் யாரும் தெரிய மாட்டார்கள். முகம் இல்லை, குரல் இல்லை.

நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான் வெளிவந்த 'வரிசை'. குழாயடியில் ஸ்பூன்கள் வரிசையில் நிற்கின்றன. பெரிய குழம்புக் கரண்டி ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. வரிசை நகர மாட்டேன் என்கிறது. எல்லா ஸ்பூன்களும் முணுமுணுக்கின்றன, ஆனால் கரண்டி பெரியது, கேட்கப் பயம். கடைசியில் இருக்கிற டீ ஸ்பூன் தத்தித் தத்தி வந்து கரண்டியின் முதுகில் தட்டுகிறது. கரண்டி திரும்புகிறது. அது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கப்பட்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறது. அவ்வளவுதான். ஸ்பூனுக்குக் கையில்லை. எப்படிக் கும்பிட்டது என்று கேட்காதீர்கள். கும்பிட்டது.

அன்று அந்தப் படத்தை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். டீ ஸ்பூன் தட்டும்போது கரண்டியின் முதுகு பளபளவென்று இருந்தது. நிறுத்திப் பெரிதாக்கினேன். அந்த வளைவில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவுக்கு எதிர்ப்புறம் சிவப்பாக ஒரு பெயர்ப்பலகை. இடது கீழ் மூலை உடைந்திருந்தது. அந்த மூலையை உடைத்தவன் நான்தான், ஏணியை இடித்து. எங்கள் கடைப் பலகை.

உலகத்தில் எங்கேயோ இருக்கிற கலைஞர் என்று நினைத்த ஆள் என் கவுண்டருக்கு எதிரே, மூன்றாவது மாடியில் இருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வாரமே அவர் கடைக்கு வந்தார். டாக்டர் சீட்டில் எதிர்க்கட்டடம், மூன்றாவது மாடி என்று விலாசம் இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருந்தார்.

"தம்பி, புது டாக்டர் புது மாத்திரை எழுதியிருக்காங்க. பெட்டியில போட்டுத் தருவீங்களாமே?" என்றவர் வெளியே எட்டிப் பார்த்தார். "உங்க புது போர்டு நல்லாருக்குப்பா. லைட்டைப் போட்டா என் சமையலறை பூராவும் பச்சையா ஆயிடுது. பால்கூடப் பச்சையாத் தெரியுது."

வலிப்புக்கான மாத்திரை. அவர் மறைக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் ஆறு முறை விழுந்துவிட்டாராம். அதற்கு முன் மூன்று மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து, பழைய மருந்து திடீரென்று கேட்காமல் போய்விட்டதாம். ஏழு வயதில் ஒரு மகள். போன வருடம் அடுப்பில் பால் இருக்கும்போது இவர் விழுந்து, குழந்தை ஸ்டூல் போட்டு ஏறி அடுப்பை அணைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. அன்றைக்கு அண்ணன் வந்து குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

"ஆறு மாசம் விழாம இரு, கொண்டாந்து விடறேன்னு சொல்லியிருக்கான். அவன் சொல்றது நியாயம்தானே? செப்டம்பர்ல ஆறு மாசம் முடியும். காலண்டர்ல தினமும் ஒரு பட்டன் ஒட்டிட்டு வரேன்," என்றார்.

நான் சேனலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் ரசிகன் என்று தெரிந்துவிட்டால் எடுக்கிறவர்களின் கை கூச்சப்படும். நான் 'முன்வரிசை' என்ற பெயரில் நீளமாகக் கருத்து எழுதுவேன், ஒவ்வொரு நகர்வையும் விளக்கி. அவர் ஒரு வரியில் நன்றி சொல்வார். தவறாமல் கருத்து எழுதுகிற இன்னொரு ஆளும் உண்டு. பெயர் 'பட்டாணி'. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து 'இன்னொண்ணு' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகும். ஒரு தடவை எரிச்சலில், 'ஒரு படத்தைப் பொறுமையாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று பதில் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பட்டாணி எழுதியது: 'நாலு தடவ பாத்தேன். இன்னொண்ணு.'

ஏப்ரலில் படங்கள் கெட்டுப்போயின.

நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. முதல் வாரம், ஒரு ஊசி குஷனில் குத்தி நிற்கிறது, அப்படியே நிற்கிறது. இரண்டாவது வாரம் ஒரு காலுறை காய்கிறது. கேமரா ஆடுகிறது. நகர்வுகள் தடுக்கி விழுகின்றன. மே மாதத்தில் ஒரு படம் முப்பது வினாடியில் முடிந்து, மீதி முப்பது வினாடி வெறும் மேசை. நான் ஜனவரி முதல் மார்ச் வரை வந்த படங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். காகிதத்துக்குப் பயந்து மேசையைச் சுற்றி ஓடும் கத்தரிக்கோல். தொலைந்த ஏழாவது பட்டனைத் தேடிப் போய், தூங்கும் காலுறையின் வாயில் அது இருப்பதைக் கண்டுபிடிக்கும் ஆறு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாவல் இருக்கும். ஏதோ ஒரு கணம் காணாமல் போய், அடுத்த கணம் எல்லாம் இடம் மாறியிருக்கும். அந்தத் தாவலில்தான் சிரிப்பு வரும். அது இப்போது இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் என்ன இருந்தது? வலிப்பு இருந்தது. ஏப்ரலில் என்ன வந்தது? மாத்திரை.

நான் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. அவரிடமே கேட்டேன், சும்மா விசாரிப்பது போல. "புது மாத்திரை எப்படி இருக்கு அக்கா?"

"விழறதில்லப்பா, அதுவே பெரிசு. ஆனா காலையில தலை பஞ்சு மூட்டை மாதிரி இருக்கு. யாரோ பேசறது பக்கத்து வீட்ல கேக்கற மாதிரி இருக்கு."

பஞ்சு மூட்டை. அவரே சொன்னது. அந்தத் தாவல்கள் எல்லாம் பஞ்சுக்குள் புதைந்துவிட்டன என்று எனக்குப் புரிந்தது. அவர் விழுந்து எழுந்திருக்கும் அந்தக் காணாமல் போன நொடிகளைத்தான் அத்தனை நாளாக அவர் மேசைமேல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இதை டாக்டர் யோசிக்க மாட்டார், அண்ணன் யோசிக்க மாட்டார். முப்பத்தொரு பேரில் யோசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அதிலும் அவருடைய பெட்டி என் கைக்கு வருகிறது. இப்படி ஒரு பொருத்தம் சும்மா அமையாது.

ஜூன் கடைசியில் ஆரம்பித்தேன். எங்கள் கடையில் ஒரு சத்து மாத்திரை உண்டு. அதே வெள்ளை, அதே வட்டம், ஏறக்குறைய அதே கனம். வலிப்பு மாத்திரையின் நடுவே உடைப்பதற்கு மெல்லிய கோடு ஒன்று ஓடும், இதில் அது கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். தூக்கக் கலக்கத்தில் மூடியைத் திறந்து வாயில் போடுகிறவர்கள் கோட்டையா பார்க்கப் போகிறார்கள்? அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதனால் முதல் இரண்டு வாரம் பாதி அறைகளில் மட்டும் மாற்றினேன். பிறகுதான் எல்லாவற்றிலும். நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எடுத்த மாத்திரைகளைக்கூடக் குப்பையில் போடவில்லை. மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைத்தேன், அதைத்தான் என் அறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறீர்கள்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை 'ரயில்' வந்தது.

ஒரு ஜாக்கெட்டின் ஜிப்தான் ரயில். பட்டன்கள் நிலையத்தில் நிற்கின்றன. ஜிப் மேலே ஏற ஏற ஒவ்வொன்றாக ஏறிக்கொள்கின்றன. கழுத்துவரை வந்ததும் பயணம் முடிகிறது, இறங்க இடமில்லை. எல்லாம் ஒன்றையொன்று பார்க்கின்றன. திடீரென்று ஒரு தாவல். ஜாக்கெட் கவிழ்ந்து கிடக்கிறது, பட்டன்கள் காலரில் சறுக்கு மரம் விளையாடுகின்றன. நான் கடைக்கு வெளியே போய் நின்று, மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தேன். இரண்டே வாரம். இரண்டு வார சத்து மாத்திரையில் அவர் திரும்பி வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையால் ஒன்று உருவாகியிருந்தது. அதற்கு அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான். ஒன்றைவிட ஒன்று.

அவர் விழ ஆரம்பித்தார். அது வரும் என்று எதிர்பார்த்ததுதான். ஜூலை நடுவில் ஒரு நாள் நெற்றியில் கட்டோடு வந்து, பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

"என்ன அக்கா ஆச்சு?"

"நூத்திப்பதினெட்டு பட்டன் ஒட்டியிருந்தேன் தம்பி. எல்லாத்தையும் பிச்சாச்சு." பெட்டியின் காலி அறைகளைத் திறந்து காட்டி, "நான் ஒரு வேளைகூட விடலையேப்பா. அப்புறம் ஏன் வருது?" என்றார்.

என்னிடம்தான் கேட்டார். நான், "மனசுல ஏதாவது கவலை இருந்தாலும் வருமாம் அக்கா. நல்லாத் தூங்குங்க," என்றேன்.

டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். நானும் கூட்டிப் போட்டேன். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. சத்து மாத்திரைதானே, உடம்புக்கு நல்லது.

ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை அவரும் அவருடைய அண்ணனும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். குரலைத் தாழ்த்திப் பேசித்தான் பார்த்தார், முடியவில்லை.

"பெரியவரே, இவ வாராவாரம் மருந்து வாங்கறாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

சித்தப்பா நோட்டைப் புரட்டினார். "ஒரு வாரம் தவறலைங்க."

"வாங்கறா. முழுங்கறாளா?"

"அண்ணா, நடுக்கடையில வெச்சு ஏன்..."

"ரத்தத்துல ஒரு துளி மருந்து இல்லைங்கறாங்க. அப்ப அது எங்க போச்சு, ஆவியாயிடுச்சா? மாத்திரை போட்டா தலை பஞ்சா இருக்கு, படம் எடுக்க வரலைன்னு நீதானே என்கிட்ட சொன்னே? உனக்குப் பெத்த பிள்ளை வேணுமா, அந்த ஸ்பூன் விளையாட்டு வேணுமா?"

"நான் முழுங்கறேண்ணா. பாப்பா மேல சத்தியம்."

"அவ மேல சத்தியம் பண்ணாதே."

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லுப்பா. பெட்டி காலியா வருதா இல்லையா?"

"காலியாத்தான் அக்கா வருது," என்றேன். பொய் சொல்லவில்லை.

"சாக்கடையில கொட்டினாலும் பெட்டி காலியாத்தான் வரும்," என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் தணிந்து, "இனிமே ஆறு மாசம் அது இதுன்னு கணக்கு வேணாம்மா. அவ என்கிட்டயே இருக்கட்டும். உன் அண்ணி அவளைப் பக்கத்து ஸ்கூல்லயே சேத்துட்டா," என்றார்.

அந்த அக்கா அழவில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி. நாளையிலேருந்து தினமும் முழுங்கறதைப் படம் பிடிச்சு உனக்கு அனுப்பறேன். மூடியைத் திறக்கறதுலேருந்து நாக்கை நீட்டிக் காட்டற வரைக்கும். அப்பவாவது நம்பு," என்றார். அண்ணன் வெளியே போனார். நான் அதை ஒரு கோபப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் படம் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

செப்டம்பர், புதன்கிழமை, காலை பத்தேகால். கவுண்டரில் ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்டடத்தின் இரும்புப் படி வெளிப்பக்கமாக வளைந்து இறங்கும். எங்கள் கவுண்டரிலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும். அவர் ஒரு கையில் பெட்டியையும் இன்னொரு கையில் போனையும் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். பெட்டி நிரப்ப வேண்டிய நாள் இல்லையே என்று நினைத்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். ஏதோ மறந்தது போல நின்றார். பிறகு விழுந்தார்.

பெட்டிதான் முதலில் வந்தது. ஒவ்வொரு படியிலும் தட்டித் தட்டி ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டு, வெள்ளை மாத்திரைகளை வரிசையாக விட்டுக்கொண்டு, கடைசிப் படியில் வந்து சரியாக நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் எடுத்த ஷாட் போலவே இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரையை எண்ணி முடித்தேன். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கவரில் போட்டு, எப்போது சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் சித்தப்பா ஓடிப்போய் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார். ஒன்றும் செய்வதற்கு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படம் வந்தது. நாலு ஐந்துக்குப் பட்டாணி 'இன்னொண்ணு' என்று எழுதியது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

மேடம் எனக்கு மூன்று விஷயங்களைக் காட்டினார். முதலாவது அந்த அக்கா அண்ணனுக்கு அனுப்பிய வீடியோக்கள். மொத்தம் பத்தொன்பது காலைகள். மூடியைத் திறக்கிறார், மாத்திரையை விரலில் பிடித்துக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறார், முழுங்குகிறார், நாக்கை நீட்டுகிறார். அவருடைய முகத்தை ஒரு வீடியோவில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒளி நன்றாக விழும்படி உட்கார்ந்திருந்தார். அந்தப் புதன்கிழமை காலை அவர் அதை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார், என்னைப் போலவே. அண்ணனுக்கு ஒரு செய்தி போயிருக்கிறது: 'மாத்திரையில நடுக்கோடு காணோம் அண்ணா. கம்பெனியில மாத்திட்டாங்களோ என்னவோ. எதிர்க்கடைத் தம்பிகிட்ட கேட்டுட்டு வரேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.'

இரண்டாவது, பட்டாணி யார் என்பது. அண்ணன் வீட்டில் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழந்தைக்குப் பதினைந்து நிமிடம் போன் கொடுப்பார்களாம்.

மூன்றாவது ஒரு தாள். இரண்டு வரிசையாகத் தேதிகள் அச்சடித்திருந்தது. இடது பக்கம் படம் வெளிவந்த தேதி, வலது பக்கம் அவருடைய கணினியில் அந்தப் படம் எடுக்கப்பட்ட தேதி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று மாதம்.

"அவங்க எப்பவும் பன்னெண்டு படம் முன்கூட்டியே எடுத்து, தேதி போட்டு வெச்சிருவாங்களாம்," என்றார் மேடம். "விழுந்து எழுந்தா பத்து நாள் கை நிக்காது. அதுக்காக ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பிள்ளை ஏமாறக் கூடாதுன்னு. அண்ணன் சொன்னாரு."

நான் தாளைப் பார்த்தேன். கத்தரிக்கோல், பட்டன்கள், 'வரிசை' எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அவர் ஒரு தடவைகூட விழாத மாதங்கள். அசையாத ஊசி, ஆடும் கேமரா, வெறும் மேசை எல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை. விழுந்துகொண்டிருந்த மாதங்கள். 'ரயிலும்' அதற்குப் பிறகு வந்தவையும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, நான் மாற்றாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, பஞ்சு மூட்டைத் தலையோடு, காலண்டரில் பட்டன் ஒட்டிக்கொண்டு எடுத்தவை.

"இன்னும் வரிசையில பத்துப் படம் இருக்கு," என்றார் மேடம். "நிறுத்தச் சொல்லட்டுமான்னு அண்ணன்கிட்ட கேட்டோம். பிள்ளைக்கு இன்னும் சொல்லலையாம்."

அதில் ஒன்றை மேடம் எனக்குப் போட்டுக் காட்டினார். ஜூலை கடைசியில் எடுத்தது. மேசைமேல் ஒரு டீ ஸ்பூன். அதை நகர்த்த ஒரு கை வருகிறது. அவருடைய படத்தில் கை தெரியவே தெரியாது, ஆனால் இதில் வருகிறது, எடுத்துவிட மறந்திருக்கிறார். வந்த கை பாதியில் நிற்கிறது. நின்றபடியே நடுங்குகிறது. ஸ்பூன் கடைசிவரை நகரவில்லை.

"இது நல்ல ஷாட் மேடம்," என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அப்போதிருந்து நான் மட்டும் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் கடிகாரம் இருக்கிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று ஐம்பது.

எல்லாம் நான்தான் செய்தேன். வேறு யாரும் இல்லை. படத்துக்காகத்தான் செய்தேன் என்பதும் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். காலையில் மேடம் கேட்டார்: "அந்தப் படமெல்லாம் அப்பவே எடுத்தது இல்லைன்னு தெரிஞ்சுக்க உனக்கு வழியே இல்லையா?" வழியே இல்லை என்று சொன்னேன். அது சரியில்லை.

எங்கள் கடையின் பழைய சிவப்புப் பலகையை ஜனவரி முதல் வாரத்தில் கழற்றியது நான். சித்தப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே நின்று பச்சைப் பலகையை மாட்டியதும் நான்தான். மார்ச்சில் அந்தக் கரண்டியை நிறுத்திப் பெரிதாக்கியபோது, அதன் முதுகில் இருந்த பலகை சிவப்பாக இருந்தது. முதல் தடவையே பார்த்துவிட்டேன். தலையைத் தூக்கினால் தெருவில் பச்சை, குனிந்தால் கரண்டியில் சிவப்பு. அதைப் பற்றி யோசித்தால் ஏதோ ஒன்று கெட்டுவிடும் போல இருந்தது. அதனால் யோசிக்காமல், மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன்.

படம் அவ்வளவு நன்றாக இருந்தது.